தேவாலயக் கூரையில் ஓர் ஆடு

வீப்கே ஹார்ம்ஸ், பிறப்பு 14 நவம்பர் 1956, வெஸ்டர்ஷ்டேடே அருகே ஒரு சிற்றூர். தந்தை எனோ, ரோடோடென்ட்ரான் பூஞ்செடிகளை நாற்று விட்டு விற்றவர், தாய் தேக்லா. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தது 1976 முதல் 1982 வரை. ஓல்டன்புர்க் நகரின் லூபென் அகராதிப் பதிப்பகத்தில் ஆங்கிலப் பிரிவின் இளநிலைப் பதிப்பாசிரியராகச் சேர்ந்த நாள் 1 அக்டோபர் 1983. திருமணம் 1985, மணமுறிவு 1991, காரணம் எதிலும் பதிவாகவில்லை. பிரிவின் தலைமைப் பொறுப்பு 1999 முதல். ஆங்கிலம்–ஜெர்மன் பேரகராதியின் ஏழாம் பதிப்புக்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை ஈ, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகள்.

இவ்வளவும் பணிக்கோப்பில் உள்ளவை. அவர் யாரையும் எளிதில் நம்பமாட்டார் என்பது கோப்பில் இல்லை. ஆனால் அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும்.

நம்பாமை அவருக்குத் தந்தைவழி வந்த சொத்து. பக்கத்துப் பண்ணைக்காரர் தம் செடிகளைத் திருடுகிறார் என்பது எனோ ஹார்ம்ஸின் உறுதியான முடிவு. அதனால் ஒவ்வொரு தொட்டியிலும் வேரடியில் ஒரு சிவப்பு நூல்துண்டைப் புதைத்து வைப்பார். வசந்தம் வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தப் பண்ணைக்குப் போய், யாரும் பார்க்காத நேரத்தில் விரலால் மண்ணைக் கிளறுவார். வருடக்கணக்கில் கிளறியும் ஒரு நூல்கூட அகப்படவில்லை. "கெட்டிக்காரன், நூலை உருவிட்டுத்தான் நட்டிருக்கான்" என்பதோடு அந்த ஆண்டு விசாரணை முடியும்.

மகள் இதே குணத்தைச் சம்பளம் தரும் தொழிலாக மாற்றிக்கொண்டார். அகராதி வேலையில் முதல் தகுதி, எந்த மொழிபெயர்ப்பையும் பார்த்தவுடன் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது.

ஃபெட்ச் என்றோர் ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். போவது, எடுப்பது, திரும்பி வருவது என்ற மூன்று காரியங்களை அது ஒரே மூச்சில் முடித்துவிடும். தமிழில் அதற்குப் 'போய் எடுத்துக்கொண்டு வா' என்று மூன்று சொற்களைச் செலவழிக்கிறோம். ஜெர்மன் மொழியில் ஹோலன் என்ற ஒரே வினை உண்டு. ஆனால் அது தனியே நிற்பதை அந்த மொழி அவ்வளவாக விரும்புவதில்லை. மேலிருந்து கீழே என்றால் ஒரு முன்னொட்டு, வெளியிலிருந்து உள்ளே என்றால் இன்னொன்று, பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையைக் கூட்டி வருவதென்றால் வேறொன்று. ஏலத்தில் ஒரு பழைய அலமாரி நல்ல விலைக்குப் போனாலும் ஆங்கிலத்தில் அது ஃபெட்ச்தான். ஜெர்மனில் அந்த இடத்துக்கு 'ஈட்டித் தந்தது' என்று முற்றிலும் வேறான வினை வரவேண்டும். குச்சியை எறிந்துவிட்டு நாயிடம் சொல்வது தனிக் கணக்கு. இப்படி ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஓர் ஆங்கில வாக்கியம், எதிரே அதன் ஜெர்மன் வடிவம் என்று சோடி சோடியாக அடுக்குவதுதான் வீப்கேயின் அன்றாட வேலை.

வாக்கியங்கள் அச்சில் வந்த ஏதேனும் ஒன்றிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பது லூபென் பதிப்பகத்தின் பொதுவிதி. விதிவிலக்காக ஓர் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் பதிப்பாசிரியரே கட்டும் வாக்கியங்கள் உண்டு. அவற்றைக் 'குறிவாக்கியம்' என்பார்கள். உலகத்தில் வேறு எவர் தலையிலும் உதிக்க முடியாத வாக்கியமாக அது இருக்க வேண்டும். வேறொரு பதிப்பகத்தின் அகராதியில் அது தென்பட்டால், திருடியது யார் என்று நீதிமன்றத்தில் நிறுவுவதற்கு அந்த ஒரு வரி போதும். எனோவின் சிவப்பு நூலுக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

2010 ஆகஸ்ட் இறுதியில், எஃப் எழுத்துக்கான குறிவாக்கியத்தை வீப்கே ஃபெட்ச் பதிவில் வைத்தார்: 'ஆட்டைத் தேவாலயக் கூரையிலிருந்து இறக்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது.' அவருக்குப் பதினோரு வயதானபோது சொந்த ஊரில் மெய்யாகவே நடந்த சம்பவம் அது. பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே.

எழுதியதும் வழக்கமான சோதனையைச் செய்தார். அக்காலத்தில் இணையத்தில் 'சொல்தோணி' என்று பொருள்படும் பெயரில் ஓர் இலவசத் தளம் பரவிக்கொண்டிருந்தது. எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும் நூறு வாக்கியங்களையும் அவற்றின் ஜெர்மன் வடிவங்களையும் கொட்டும்; பாதிக்கு மேல் பிழை. அகராதிகளைச் சுரண்டித்தான் அது வயிறு வளர்க்கிறது என்பது பிரிவில் எல்லோருடைய ஐயமும். அதே தளத்தில் ஓர் ஒப்பீட்டுப் பெட்டியும் இருந்தது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஜெர்மன். பொத்தானை அழுத்தினால் இந்தச் சோடி எங்காவது இருக்கிறதா என்று தேடிச் சொல்லும். 2009 வசந்தம் முதல், எழுதி முடித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் வீப்கே அந்தப் பெட்டியில் இட்டு, 'எங்கும் இல்லை' என்ற பச்சை எழுத்தைக் கண்ட பிறகே அலுவலகக் கோப்பில் ஏற்றுவார். ஒரு நாளும் தவறியதில்லை.

கோப்பு அடுத்துச் செல்வது எதிர்மேசைக்கு. அங்கே இருந்தவர் ட்யார்க் பெஹ்ரென்ட்ஸ், முப்பத்தொரு வயது, லேர் நகரத்துக்காரர். 2009 நவம்பரில் இரண்டாம் வாசகராகச் சேர்ந்தார். வீப்கேயின் ஜெர்மன் வரிகளைப் படித்து ஒப்புதல் தருவது அவர் பொறுப்பு. ஒப்பந்தம் 31 டிசம்பர் 2010 வரை. வீட்டில் மனைவி மரைகே, கைக்குழந்தை ஃபென்யா. வந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தின் காப்பி இயந்திரத்தை மதிக்காமல் சொந்தத் தேநீர்க் கெட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். கோப்பையில் கற்கண்டுக் கட்டி, அது வெடிக்கும் ஓசை எழும்படி கொதிக்கும் தேநீர், ஓரமாக ஒரு சொட்டுப் பாலேடு, கலக்கக் கூடாது. அவர் ஊரில் விருந்தாளி மூன்று கோப்பை குடிப்பது முறை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். மூன்றுக்கு முன்பே வைத்தால் ஊற்றியவர் முகம் வாடும். வீப்கே தினமும் மூன்று குடித்தார்.

2010 பிப்ரவரி 13 சனிக்கிழமை, அலுவலகத்தின் பரட்டைக்கீரை நடை. ஓல்டன்புர்க் பக்கத்தில் குளிர்காலத்தில் இதற்குத் தப்பிய அலுவலகம் இல்லை. கைவண்டியில் சாராயப் புட்டிகள், ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் தொங்கும் சிறு கண்ணாடிக் குவளை. வயல்வெளியில் நடந்து நடந்து ஒரு விடுதியை அடைந்தால் அங்கே கீரையும் பிங்கெல் என்னும் உள்ளூர்ச் சாசேஜும். அதிகம் தின்றவர் அந்த ஆண்டின் கீரை ராஜா. அடுத்த ஆண்டு நடையை ராஜாதான் நடத்த வேண்டும்.

ட்யார்க் நான்கு தட்டுகளை முடித்தார். ராஜாவுக்குரிய, பன்றித் தாடையெலும்பு கோத்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

"ராஜா, அடுத்த வருஷம் எந்த வழி போறோம்?" என்றார் கெசீனே, பக்கம் அமைக்கும் பெண்மணி, வாயில் எதுவும் நிற்காதவர். "டிசம்பரோட உங்க காண்ட்ராக்ட் முடியுதாமே. அப்ப ராஜா இல்லாத ஊர்வலமா?"

தலைமைப் பதிப்பாசிரியர் முனைவர் ஓனோ ஐலர்ஸ் மூன்றாம் குவளையில் இருந்தார். "பதவியில இருக்கிற ராஜாவை வேலைய விட்டு அனுப்ப நம்ம விதியில இடமே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ட்யார்க் மட்டும் சிரித்த பிறகு ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் வீப்கே அவர் பக்கத்தில் வந்து குவளையை உயர்த்தினார்.

"நான் வீப்கே."

"நான் ட்யார்க்."

"இனிமே நீ."

அந்த ஊரில் 'நீ' என்பது உறவும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல. முதற்பெயரைச் சொல்லிக் குவளையை உயர்த்தி, மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பது. இளையவர் கேட்க முடியாது, மூத்தவர் கொடுத்தால் மறுப்பதும் இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதை எவரும் கண்டதில்லை. இருபத்தாறு ஆண்டுப் பணியில் வீப்கே 'நீ' கொடுத்த நான்காவது ஆள் ட்யார்க்.

செப்டம்பர் 9, வியாழன். ஃபெட்ச் வினைக்கு அந்தத் தளம் என்னென்ன உளறுகிறது என்று பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார் வீப்கே. ஏழாவது வரியில் ஆடு நின்றது. அதே தேவாலயம், அதே கூரை. எதிரே அவருடைய ஜெர்மன் வரி, ஒரு காற்புள்ளிகூட மாறாமல்.

முதலில் எழுந்தது கோபமல்ல, ஒரு வகை நிறைவு. தந்தைக்குக் கடைசிவரை கிடைக்காத நூல் மகள் கையில் அகப்பட்டுவிட்டது. அதன் பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அச்சுக்குப் போகாத வரி இது. கோப்பைத் திறக்கும் உரிமை மூவருக்கு. ஐலர்ஸ் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோப்பையும் திறந்ததில்லை. மிச்சம் இருவர். அதில் ஒருவர் தாம்.

தலையை உயர்த்தினார். எதிரே ட்யார்க் ஆரஞ்சு உரித்துக்கொண்டே கைபேசியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல வீப்கே. ஃபென்யா பூனைச் சாப்பாட்டத் தின்னுட்டாளாம். நீ பாக்குறியா?"

"வேணாம்."

அன்றிலிருந்து ஒவ்வொன்றும் சாட்சியாக மாறியது. நான்கு மணிக்கு ட்யார்க் கிளம்பினால், எங்கே இவ்வளவு அவசரம். கிளம்பாமல் இருந்தால், தனியே இருந்து என்ன செய்கிறார். ஒப்பந்த ஊழியரின் சம்பளத்துக்கு அந்தக் குழந்தை வண்டி சற்று அதிகம். மே மாதத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டே அவர் சொன்ன ஒரு பேச்சும் நினைவிலிருந்து எழுந்து வந்தது: "அந்தத் தளத்துல என்கூடப் படிச்சவன் ஒருத்தன் வேல பாக்குறான். பொழப்பப் பாரு, நாள் பூரா குப்பை அள்றான்." மறைக்க வேண்டியவன் இதை வாய்விட்டுச் சொல்வானா என்று ஒரு கணம் தோன்றியது. மறைக்கத் தெரிந்தவன் முதலில் சொல்லிவைத்துக்கொள்வான் என்று மறுகணம் தோன்றியது.

இதில் விளையாட்டு ஒன்றுமில்லை. ட்யார்க்கின் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று நவம்பர் 15-க்குள் வீப்கே எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அவர் எழுதுவதுதான் முடிவு. ஐலர்ஸ் கையெழுத்துப் போடுவார்.

ஐயத்தை மட்டும் வைத்து ஒருவர் பிழைப்பில் கைவைக்க அவருக்கு மனமில்லை. செப்டம்பர் 20 அன்று ஒரு பொறி வைத்தார். 'பல் மருத்துவரின் அக்கார்டியனைச் சதுப்பு நிலத்திலிருந்து கொண்டுவர எவரும் முன்வரவில்லை.' பொறிக்கான வாக்கியம் முன்பு எங்கும் இருந்திருக்கக் கூடாது அல்லவா; பெட்டியில் இட்டுப் பார்த்தார்; 'எங்கும் இல்லை'. ஜெர்மனோடு சேர்த்து ட்யார்க்கின் பார்வைக்கு அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் எதிர்மேசையில் சிரிப்பு வெடித்தது. "பல் டாக்டருக்கு எதுக்கு அக்கார்டியன்?"

"நோயாளி கத்துறது வெளியே கேக்காம இருக்க."

"அப்ப சதுப்புல யார் போட்டது?"

"நோயாளிதான்" என்றார் வீப்கே. அவர் நகைச்சுவையாகப் பேசுவது அபூர்வம். ட்யார்க் அந்த மகிழ்ச்சியில் பாலேட்டை இரண்டு சொட்டாக விட்டார்.

அக்டோபர் முதல் தேதி காலை அக்கார்டியன் தளத்தில் இருந்தது.

பதினொரு மணித் தேநீர். ட்யார்க் ஊற்றினார். வீப்கே ஒரு கோப்பை குடித்தார். கரண்டியை உள்ளே வைத்தார்.

"என்ன வீப்கே, உடம்பு சரியில்லையா?"

"எனக்குப் போதும், ஹெர் பெஹ்ரென்ட்ஸ். நீங்க குடிங்க."

'திரு' என்று பொருள்படும் அந்த 'ஹெர்' காதில் விழுந்ததும் பக்கத்து மேசையில் கெசீனேயின் விசைப்பலகை ஓசை நின்றது. ட்யார்க் கெட்டிலைப் பிடித்தபடியே நின்றார். முதலில் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். எதிரே இருந்த முகத்தில் அதற்கு இடமில்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

திங்கட்கிழமை வீப்கே ஐலர்ஸின் அறையில் இரண்டு வாக்கியங்களையும் மேசைமேல் வைத்தார். ஐலர்ஸுக்குச் சண்டை என்றால் ஆகாது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வேற யாரும் பாத்திருக்க வாய்ப்பே இல்லையா?"

"நான் பாத்தேன். அவர் பாத்தார். நான் குடுக்கல."

"அவர் நல்ல பையனாச்சே."

"எங்க பக்கத்துப் பண்ணைக்காரரும் நல்லவர்தான். ஞாயிறு தவறாம தேவாலயம் வருவார்."

"உங்க கருத்துதான் முடிவு, ஃப்ராவ் ஹார்ம்ஸ். சரி. நீட்டிக்க வேண்டாம்னு எழுதிடுங்க. நான் அவர்கிட்டப் பேசுறேன்."

பேசினார். மூடிய கதவுக்குள் கால் மணி நேரம். வெளியே வந்த ட்யார்க் தம் மேசைக்குப் போகாமல் நேராக வீப்கேயின் முன்னால் வந்து நின்றார். 'நீ' என்று தொடங்கப் போய், வாயை மூடி, மறுபடி திறந்தார்.

"நீங்க... நீங்க ரெண்டு வாக்கியம் வெச்சுச் சோதிச்சீங்களாம். ரெண்டையும் எனக்குக் காட்டினீங்க. காட்டாத ஒண்ணை வெச்சுப் பாத்தீங்களா?"

அப்படி ஒன்றை வைத்து வீப்கே பார்க்கவில்லை.

"எந்த மருந்தைச் சோதிக்கிறவனும் பாதிப் பேருக்கு மருந்து குடுக்காம விட்டுப் பாப்பான். எனக்குக் காட்டாம ஒண்ணு எழுதுங்க. அது வராட்டா, நான் பெட்டியக் கட்டுறேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

கெசீனே தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ராஜா நியாயமாத்தான் பேசுறார்."

"நீ பக்கத்த அமை" என்றார் வீப்கே.

இது நேரத்தைக் கடத்தும் தந்திரம் என்றே அவர் நினைத்தார். ஆனாலும் முறையான சோதனையை மறுப்பது அவர் இயல்பில் இல்லை. வெள்ளிக்கிழமை, அக்டோபர் 8, அலுவலகத்தில் எழுதாமல் வீட்டுச் சமையலறையில் அமர்ந்து மூன்றாவது வாக்கியத்தைக் கட்டினார்: 'மணப்பெண் தன் மிதிவண்டியை ஆற்றிலிருந்து தானே தூக்கிக் கொண்டுவந்தாள்.' ஜெர்மன் வடிவத்தை எழுதினார். சொந்தக் கணினியில் பெட்டியைத் திறந்து இரண்டையும் இட்டுப் பார்த்தார். பச்சை. தாளை நான்காக மடித்து மேல்சட்டையின் உட்பையில் வைத்தார். இரவில் அந்தச் சட்டையைப் படுக்கையறை நாற்காலியிலேயே தொங்கவிட்டார்.

அந்த நாட்களில் எதிர்மேசையில் தேநீர் ஊற்றப்பட்டது. ஆனால் ஒரு கோப்பைதான். ட்யார்க் வேலையைக் குறைக்கவில்லை. ஜி எழுத்தின் ஜெர்மன் வரிகளில் வழக்கம்போலவே பென்சிலால் திருத்தம் குறித்து அனுப்பினார். ஒரே வித்தியாசம், ஓரக்குறிப்புகளில் கேலி இல்லை. அதையும் வீப்கே குற்றவாளியின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 19, செவ்வாய். மணப்பெண்ணின் மிதிவண்டி தளத்தில் இருந்தது.

உட்பையைத் தொட்டுப் பார்த்தார். தாள் இருந்தது. மடிப்பு கலையவில்லை. வீட்டுக்குள் யாராவது நுழைந்திருப்பார்களா என்று யோசித்தார், பூட்டு அப்படியே. கணினியில் ஏதாவது உளவு நிரல் வைத்திருப்பானோ என்று யோசித்தார். ட்யார்க்குக்கு அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கினால் எடுக்கத் தெரியாது. ஐயத்துக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டார். எந்தக் கதவுக்குப் பின்னும் ட்யார்க் இல்லை.

பிறகு, பட்டியல் போடுபவருக்கே உரிய முறையில், மூன்று வாக்கியங்களுக்கும் பொதுவாக நடந்தது எது என்று எண்ணிப் பார்த்தார். ட்யார்க் பார்த்தது இரண்டை. கோப்பில் ஏறியது இரண்டு. அலுவலகத்தில் எழுதியது இரண்டு. மூன்றுக்கும் நேர்ந்தது ஒன்றே ஒன்று.

தளத்தில் ஒவ்வொரு சோடியின் கீழும் சேர்ந்த தேதி சாம்பல் நிறத்தில் இருக்கும். முந்தைய ஆண்டின் ஈ எழுத்து வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். ஒரு முறை பச்சை காட்டிய வாக்கியத்தை அவர் மறுபடி தேடியதே கிடையாது. சோதித்து முடிந்ததைச் சோதிப்பது வீண் என்பது அவர் கருத்து. எல்லாம் இருந்தன. 2009 மே. 2009 ஜூன். 2009 ஆகஸ்ட். ட்யார்க் அப்போது லேரில் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். பெட்டி தேடிக்கொடுத்தது மெய்தான். தேடிய பிறகு, உள்ளே இட்டதைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டதும் மெய். பத்துப் பதினொரு நாளில் அரங்கேற்றிவிடும். எண்ணி முடித்தபோது 386 சோடிகள்.

"வந்துச்சா?"

ட்யார்க் ஈரமான மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். வெளியே மழை. கெசீனே இன்னும் வரவில்லை.

'வரவில்லை' என்று ஒரு சொல் போதும். மூன்றாம் வாக்கியம் எது என்று அவருக்குத் தெரியாது, தேடவும் முடியாது. பெட்டியைக் கட்டுவதாகச் சொல்லியிருந்தார், கட்டிவிடுவார். அச்சேறாத உரையை ஒன்றரை ஆண்டாக வெளியே கொடுத்த பதிப்பாசிரியருக்கு, ஐம்பத்து மூன்று வயதில், வேறெந்தப் பதிப்பகம் நாற்காலி போடும் என்பதையும் வீப்கே அந்த வாசலும் மேசையும் இருக்கும் தூரத்துக்குள் எண்ணி முடித்திருந்தார். உண்மையைச் சொன்ன மறுகணமே இவன் ஐலர்ஸிடம் ஓடுவான் என்றும் தோன்றியது. அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது.

"வந்துடுச்சு" என்றார்.

ட்யார்க் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைக் கைகளால் ஒரு முறை துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

"அப்ப யாரு?"

"நான்தான்."

ஒப்பீட்டுப் பெட்டியைத் திறந்து, தாம் எண்ணிக் குறித்த தாளையும் காட்டினார். ட்யார்க் தாளின் கடைசி எண்ணைப் படித்தார்.

"முந்நூத்து எண்பத்தாறா?"

"ஆமா."

"திருட்டுப் போயிடுச்சான்னு பாக்கத்தான் போட்டீங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"ஒரு நாளும் தவறினதில்ல."

அவர் ஐலர்ஸிடம் ஓடவில்லை. கெட்டிலில் தண்ணீர் வைத்தார். வீப்கே எழுந்து, தாளை மடித்துக்கொண்டு, தாமே அந்தக் கதவைத் தட்டினார்.

ஐலர்ஸ் இந்த முறை சன்னலைப் பார்க்கவில்லை. "வாக்கியங்கள வெளியே குடுத்தது நீங்கன்னு சொல்றீங்க."

"ஒன்றரை வருஷமா. யாரும் கேக்காமலே."

"எவ்வளவு வாங்கினீங்க?"

"ஒரு சென்ட் இல்ல."

"அப்ப இது துரோகத்துல சேராது, ஃப்ராவ் ஹார்ம்ஸ். முட்டாள்தனத்துல சேரும். துரோகத்துக்கு நம்மகிட்ட விதி இருக்கு. இதுக்கு இனிமேதான் எழுதணும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பையன்கிட்ட நான் என்ன பேசினேன்னு உங்களுக்குத் தெரியுமா? கால் மணி நேரம். அவன் மனைவி பேரச் சொல்லி எல்லாம் பேசினேன். அத எந்தக் கணக்குல எழுத?"

"என் கணக்குல."

எழுத்துமூலமான எச்சரிக்கை ஒன்று பணிக்கோப்பில் சேர்ந்தது. அதன் தேதி 22 அக்டோபர் 2010. நவம்பர் 12 அன்று, கெடுவுக்கு மூன்று நாள் முன்பே, ட்யார்க் பெஹ்ரென்ட்ஸின் பணியை நிரந்தரமாக்கலாம் என்று வீப்கே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். ஆங்கில வாக்கியம் எங்கிருந்து எடுத்ததானாலும், ஜெர்மன் வடிவத்தோடு சேர்ந்து முன்பே வெளியான சோடி பேரகராதியில் இடம்பெறக் கூடாது என்பது லூபென் விதி. ஆகவே 386 வாக்கியங்களையும் நீக்கிவிட்டுப் புதியன தேடி எழுதும் வேலையும் அவருடையதே. ஆடு கூரையிலிருந்து இறங்கியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் எழுத, ட்யார்க் ஒவ்வொன்றையும் படித்துப் பென்சிலால் குறித்து அனுப்பினார். எதையும் குறைத்துப் படிக்கவில்லை. எதையும் சலுகையாக விடவும் இல்லை. இரண்டையும் வீப்கே கவனித்துக்கொண்டிருந்தார்.

2011 பிப்ரவரி 12. கீரை நடையை ராஜா நடத்தினார். கைவண்டியை அவரே இழுத்தார். வழி நெடுக ஓர் இடத்திலும் குழப்பமில்லை. கெசீனே மூன்று முறை வழுக்கி விழுந்து, மூன்று முறையும் ஐலர்ஸைக் குற்றம் சொன்னார். விடுதிக்கு முந்தைய வாய்க்கால் பாலத்தில் வீப்கே வேகத்தைக் குறைத்து, ட்யார்க் வந்து சேரும்வரை நின்றார். கழுத்துக் குவளையை உயர்த்தினார்.

"நான் வீப்கே."

ட்யார்க் வண்டியை நிறுத்தினார். தாடையெலும்பு மாலை காற்றில் ஆடியது. அவருடைய குவளையில் சாராயம் இருந்தது, அதையும் உயர்த்தி, மரியாதையாக முட்டினார், குடித்தார்.

"கொஞ்ச நாள் போகட்டும், ஃப்ராவ் ஹார்ம்ஸ்" என்றார். "எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. வாயிலதான் வரமாட்டேங்குது."

"பரவாயில்ல. அவசரமில்ல."

"இடது பக்கம் பாத்து வாங்க. பனிக்கட்டி இருக்கு."

இரண்டாம் முறை கொடுப்பதற்கே வழக்கத்தில் இடமில்லை. மூன்றாம் முறைக்கு வழியே கிடையாது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ட்யார்க் கற்கண்டு போட்டுத் தேநீர் ஊற்றினார். வீப்கே மூன்று கோப்பை குடித்துவிட்டுக் கரண்டியை உள்ளே வைத்தார். பாலேடு ஒரு சொட்டுத்தான். அது வேண்டுமென்றே குறைக்கப்பட்டதா என்று அன்று மாலைவரை யோசித்தார்.

ஏழாம் பதிப்பு 2012-இல் வெளிவந்தது. எட்டாம் பதிப்பின் எஃப் எழுத்தைத் தொடங்கியவர் வீப்கே, முடித்தவர் ட்யார்க். வீப்கே ஹார்ம்ஸ் பணி ஓய்வு பெற்ற நாள் 31 மார்ச் 2022. எதிரெதிர் மேசைகளில் அமர்ந்து இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்று அழைத்த காலம்: பதினோரு ஆண்டு, ஆறு மாதம்.